210 தப்புகளின் கணக்கு

நீட் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை உள்ள வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எப்படி இருக்கும் என்று, அப்படி ஒரு பிள்ளையை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பயிற்சி மையத்தில் மாதிரிப் பரீட்சை முடிந்து மார்க்கும் வந்திருக்கும். கேட்கலாமா, கூடாதா என்று காபியை ஆற்றிக்கொண்டே முகத்தைப் பார்ப்போம். முகமே சொல்லிவிடும்.

எங்கள் வீட்டில் 2025 பிப்ரவரி மாதம் பூராவும் அந்த முகம் ஒரே மாதிரி இருந்தது. முதல் வாரம் 452. அடுத்த வாரம் 447. அதற்கடுத்து 460 வந்தது. அன்றைக்குக் கேசரி கிளறினேன். மறுவாரம் 449. மார்ச் 2-ஆம் தேதி 454. மொத்தம் 720 மார்க்குக்கு. குறைந்துகொண்டே போனாலாவது என்ன கோளாறு என்று தேடலாம். கூடினால் சந்தோஷப்படலாம். இது இரண்டுமில்லை. செக்கு மாடு மாதிரி நடை மட்டும் நடந்தது, இடம் மாறவில்லை.

நாங்கள் இருப்பது திண்டுக்கல்லில். என் கணவர் நூல் மில்லில் மேற்பார்வையாளர். மூத்த பெண் 2024-ல் பிளஸ் டூ முடித்து, அந்த வருஷமே நீட் எழுதி 431 வாங்கினாள். "இன்னும் ஒரே ஒரு வருஷம் குடும்மா" என்றாள். கொடுத்தோம். பயிற்சி மையத்துப் பணத்துக்கு என் நாலு வளையல் பாங்கிக்குப் போனது. வளையல் போனதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் வயசுக்கு வந்த பெண் ஒரு வருஷம் காலேஜுக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் ஊரும் உறவும் எப்படி விசாரிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டுக்கே அவள் வருவதில்லை என்று ஆகிவிட்டது.

தெரியாதவர்களுக்காக இந்தப் பரீட்சையைப் பற்றி இரண்டு வார்த்தை. மொத்தம் 180 கேள்வி. பயாலஜியில் 90, பிசிக்ஸில் 45, கெமிஸ்ட்ரியில் 45. சரியான விடைக்கு 4 மார்க். தப்பு விடைக்கு 1 மார்க் பிடித்துக்கொள்வார்கள். தொடாமல் விட்டால் ஒன்றுமில்லை. நேரம் 3 மணி. 2024-ல் இப்படி இல்லை. 200 கேள்வி கொடுத்து 180-க்குப் பதில் எழுதச் சொல்வார்கள், 20 நிமிஷம் அதிகம். கொரோனா காலத்தில் கொண்டு வந்த சலுகை அது. 2025 ஜனவரி கடைசியில் அதை எடுத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. பரீட்சைக்கு மூன்று மாதம் சொச்சமே இருக்கிற நேரத்தில் 20 நிமிஷத்தைப் பிடுங்கிக்கொண்டால் பிள்ளைகள் என்ன செய்யும், சொல்லுங்கள்.

மார்க் நகரவில்லை என்றதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மையத்தில் கேட்டால், "இன்னும் ரெண்டு மணி நேரம் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கம்மா" என்றார்கள். அவள் அப்போதே விடியற்காலை நாலரைக்கு எழுந்து ராத்திரி பன்னிரண்டரை வரை படித்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு மணி நேரத்தை நான் எந்தக் கடையில் போய் வாங்கி வருவது? பக்கத்து வீட்டு மாமி, "ரத்தசோகையா இருக்கும், முகம் வெளுத்திருக்கு பாரு" என்றார்கள். அதையும் விடவில்லை, பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். ஹீமோகுளோபின் 12.3. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் சோகை என்பார்கள். ஆக, அந்தப் பக்கம் குற்றமில்லை.

மார்ச் 2-ஆம் தேதி ராத்திரி சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"இந்த வருஷமும் இதே மார்க்குதாம்மா வரும். எனக்கு மூளையே இவ்வளவுதான். உன் வளையலையும் அப்பா பணத்தையும் நான் தின்னுட்டேன்" என்றாள்.

2017 செப்டம்பரில் அரியலூர் அனிதா போன பிறகு, டாக்டராக வேண்டும் என்று சொல்கிற பெண்ணைப் பெற்ற தாய்க்கு இந்த மாதிரிப் பேச்சு சாதாரணப் பேச்சாகக் காதில் விழுமா? பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கிய பெண் அது. அன்றைக்கு நான் அவள் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் படிப்பைப் பற்றிப் பேசவில்லை. அவள் அப்பாவையும் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு தாளில் எழுதினோம். நீட்டில் எந்த மார்க் வந்தாலும் ஜூன், ஜூலையில் அவள் ஒரு காலேஜில் சேர்ந்துவிடுவாள். வேளாண்மை, நர்சிங் இரண்டுக்கும் அந்த வருஷம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கே போதும். இரண்டுக்கும் விண்ணப்பம் போடுவது. மூன்றாம் தடவை நீட் எழுதுவது இல்லை. கீழே நாங்கள் மூவரும் கையெழுத்துப் போட்டோம். விளையாட்டு மாதிரித்தான் இருந்தது. ஆனால் பீரோக் கதவில் அந்தத் தாளை ஒட்டிய அன்று மத்தியானம் அவள் இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டாள். உங்கள் வீட்டில் பிள்ளை இப்படிப் பேசி, உங்களுக்குக் கையாளத் தெரியவில்லை என்றால் 104-க்கோ 14416-க்கோ போன் செய்யுங்கள். பேசுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், காசு கிடையாது.

இனி கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு பிசிக்ஸும் தெரியாது, கெமிஸ்ட்ரியும் தெரியாது. நான் படித்தது பிளஸ் டூவில் காமர்ஸ். ஆனால் எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குப் பன்னிரண்டு வருஷமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். குழுவில் ஒரு மாதம் வசூல் குறைந்தால், மொத்தத் தொகையை எத்தனை தடவை கூட்டிப் பார்த்தாலும் காரணம் தெரியாது. யார் கட்டவில்லை, ஏன் கட்டவில்லை என்று பேர் பேராகப் பிரித்தால்தான் தெரியும். உடம்பு சரியில்லாதவளுக்கு ஒரு பதில், வேண்டுமென்றே இழுத்தடிப்பவளுக்கு வேறு பதில். என் பெண்ணோ ஒவ்வொரு வாரமும் மொத்தத்தை மட்டும் பார்த்து அழுதுவிட்டு, பேப்பரைக் கட்டி வைத்துவிட்டு, அடுத்த பரீட்சைக்குத் தாவிக்கொண்டிருந்தாள்.

"அந்த அஞ்சு பேப்பரையும் எடுத்துட்டு வா" என்றேன்.

"உனக்கு என்னம்மா புரியும்?"

"எனக்குப் புரிய வேண்டாம். ஒவ்வொரு தப்புக்கும் ஏன் தப்பாச்சுன்னு நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்."

பால் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் கோடு போட்டேன். மூன்று நாள், ராத்திரிச் சமையல் முடிந்த பிறகு ஒவ்வொரு மணி நேரம் உட்கார்ந்தோம். முதல் நாள் எல்லாவற்றுக்கும் "தெரியலம்மா" என்றாள். நான் விடவில்லை. "தெரியலைன்னா? படிக்கவே இல்லையா, படிச்சு மறந்துட்டியா, தெரிஞ்சும் கை தவறிடுச்சா, சும்மா கண்ணை மூடிட்டுப் போட்டியா?" என்று குடைந்தேன். இரண்டாம் நாளிலிருந்து அவளே பிரித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்து பேப்பரிலும் சேர்த்து 210 தப்பு. அவற்றில் உண்மையாகவே தெரியாதவை 96. பாடம் தெரிந்தும் தப்பானவை 71. குருட்டாம்போக்கில் போட்டுத் தப்பானவை 43.

முதலில் அந்த 43-ஐப் பார்த்து அவள் அப்பா, "இனிமே தெரியாததைத் தொடவே கூடாது" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு என்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டுமல்லவா? அப்படிப் போட்டதில் சரியாக விழுந்தவை எத்தனை என்று எண்ணினோம். 17 இருந்தது. 17 சரிக்கு 68 மார்க் வரவு, 43 தப்புக்கு 43 பற்று. 25 மார்க் லாபம்! என் நாத்தனார் கணவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டேன். "ஏம்மா, நாலு விடையில ஒண்ணு சரி. நாலு கேள்விக்குக் கண்ணை மூடிட்டுப் போட்டா, சராசரியா ஒண்ணு சரியாகி நாலு வரும், மூணு தப்பாகி மூணு போகும். ஒண்ணு மிச்சம்தானே? அது நஷ்டமில்ல. அதுக்காக நேரத்தை மட்டும் செலவு பண்ணக்கூடாது" என்றார். ஆக, எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஓட்டை இல்லை.

ஓட்டை அந்த 71-ல் இருந்தது. தெரிந்த கேள்வி தப்பானால் போவது ஒரு மார்க் இல்லை. வர வேண்டிய 4-ம் போய், கையிலிருந்து 1-ம் போய், 5 போகிறது. ஐந்து பேப்பருக்கு 71 என்றால் ஒரு பேப்பருக்கு 14. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏறக்குறைய 70 மார்க்கைத் தெரிந்தே தெருவில் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாள், "எனக்கு மூளை இல்லை" என்று சொன்ன அந்தப் பெண்.

அந்த 71-ஐ மறுபடியும் பிரித்தோம். 38 கணக்குப் போடும்போது வந்த பிசகு. கூட்டலில், வகுத்தலில், சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்ததில். 19 கேள்வியைச் சரியாகப் படிக்காதது. 'கரெக்ட்' எது என்றும் 'இன்கரெக்ட்' எது என்றும் மாற்றி மாற்றிக் கேட்கிறான். அவசரத்தில் முன்னால் இருக்கும் 'இன்' கண்ணில் படுவதில்லை. பாக்கி 14 விடைத்தாளில் வட்டத்தை மாற்றிக் கறுப்படித்தது. அதில் 9, ஒரே பேப்பரில் ஒரு வரி தள்ளிப் போனதால் வரிசையாகப் போனவை. இதைக் கண்டுபிடித்தபோது இருவரும் சிரித்துவிட்டோம். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

தெரியாத 96-லும் ஒரு விஷயம் இருந்தது. அவை எல்லாப் பாடத்திலும் பரவிக் கிடக்கவில்லை. 58 கேள்வி வெறும் ஆறு பாடத்திலிருந்து. சுழற்சி இயக்கம், மின்காந்தத் தூண்டல், ஒளியியல், அயனிச் சமநிலை, கரிம வேதியியலில் இரண்டு பாடத்தைச் சேர்த்து ஒன்றாக வைத்துக்கொண்டோம், அப்புறம் மரபியலில் ஒன்று. "இதெல்லாம் எப்பப் படிச்சே?" என்றால், "பாக்கவே பயமா இருக்கும்மா, கடைசியில பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றாள். பதினெட்டு மணி நேரம் எதைப் படித்தாள்? மனித உடலியலை! ஏழாம் தடவை! நாமும் அப்படித்தானே, விருந்தாள் வருகிறார்கள் என்றால் கூடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்குவோம், பரணை ஏறிட்டும் பார்க்க மாட்டோம்.

பரீட்சைக்கு ஒன்பது வாரம் இருந்தது. ஆறு பாடத்துக்கு ஆறு வாரம் என்று பிரித்தாள். காலையில் மூளை தெளிவாக இருக்கும் முதல் இரண்டு மணி நேரம் அந்தப் பாடத்துக்கு மட்டும். பிடித்த பாடங்களுக்கு ராத்திரி.

படிக்கிற முறையிலும் ஒரு மாற்றம் செய்தோம். அவள் புத்தகத்தைப் பார்த்தால் ஹோலிப் பண்டிகை மாதிரி இருக்கும், மஞ்சளும் பச்சையும் இளஞ்சிவப்புமாக. கோடு போட்ட வரியைத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். "புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு எனக்குச் சொல்லு" என்றேன். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன், அவள் சொல்வாள். விஷயம் எனக்குப் புரியாது. ஆனால் எந்த இடத்தில் குரல் தயங்குகிறது, எங்கே "அதும்மா... அது வந்து..." என்று இழுக்கிறாள் என்பது புரியும். அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். இது ஏதோ அம்மாக்களின் பழைய வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-லேயே அமெரிக்காவில் மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களாம். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால், திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

தப்பான கேள்விகளை விடை தெரியாமல் தனியாக எழுதி வைத்து, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, பத்து நாள் கழித்து ஒரு தடவை மறுபடி போட்டாள். இரண்டு தடவையும் சரியானால் அடித்துவிடுவது. நோட்டில் அடித்த கோடுகள் கூடக் கூட அவளுக்குத் தெம்பு வந்தது.

71-க்கு வேறு மருந்து. கேள்வியில் 'நாட்', 'இன்கரெக்ட்', 'எக்ஸெப்ட்' என்று வந்தால் பேனாவால் வட்டம் போட்டுவிட்டுத்தான் விடைகளைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதி முடித்துக் கடைசிக் கால் மணியில் வட்டங்களைக் கறுப்படிக்கும் வழக்கத்தை விட்டு, ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அடிக்க வேண்டும். பேனாவால் அடித்தது அடித்ததுதான், அழிக்க முடியாது. கணக்குப் பிசகுகளுக்குக் காரணம் நேரம். பயாலஜியில் ஒன்றே கால் மணி நேரத்தைப் போக்கிவிட்டு, பிசிக்ஸைக் கடைசியில் தட்டுத் தடுமாறிப் போட்டுக்கொண்டிருந்தாள். பயாலஜி 50 நிமிஷம், உடனே பிசிக்ஸ் 70 நிமிஷம், பிறகு கெமிஸ்ட்ரி என்று மாற்றினோம். பயாலஜியில் முதல் சுற்றில் பளிச்சென்று தெரிந்தவை மட்டும். யோசிக்க வேண்டியவற்றைக் கடைசிச் சுற்றுக்குத் தள்ளிவிடுவது.

தூக்கத்தைப் பற்றி என் பேச்சை அவள் கேட்கவே இல்லை. நாலு மணி நேரத் தூக்கத்தில் பெருமை வேறு. எங்கள் டாக்டரம்மா, "பகல்ல படிச்சதை மூளை பத்திரப்படுத்தி வைக்கிறதே தூங்கும்போதுதான். நீ தூங்காம இருந்தா, பானையை நிரப்பிட்டு அடியில ஓட்டையும் போடுறே" என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாள். ராத்திரி பத்தரை முதல் காலை ஐந்தரை வரை என்று ஆனது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரப் படிப்பு குறைந்தது. முதல் வாரம் அவளுக்குக் கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது.

இன்னொன்று. மையத்தில் மாதிரிப் பரீட்சை காலை 9 மணிக்கு. நிஜப் பரீட்சையோ மத்தியானம் 2 மணிக்கு. சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்குகிற நேரம்! வாரத்தில் ஒரு பேப்பரை வீட்டிலேயே 2 முதல் 5 வரை எழுத வைத்தேன். மின்விசிறி, குழல் விளக்கு, மரநாற்காலி, அவ்வளவுதான். செல்போன் என் இடுப்பில். பரீட்சை நாளன்று ஒன்றரைக்கு வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள், பதினொன்றிலிருந்தே உள்ளே விடுவார்கள் என்பதால், சாப்பாட்டைப் பத்தரைக்கே முடித்துக்கொள்ள வேண்டும். சாம்பார் சாதம் கொடுத்துப் பார்த்தேன், மூன்றரைக்குக் கொட்டாவி. புளியோதரை கொடுத்தேன், தாகம். இரண்டு சப்பாத்தி, பாசிப்பருப்புக் கூட்டு, கொஞ்சம் தயிர், உள்ளே போகும் முன் ஒரு வாழைப்பழம் என்று கடைசியில் நிலைத்தது. மாதவிலக்கு நாளில் வந்த பரீட்சையையும் விடாமல் எழுத வைத்தேன். நிஜப் பரீட்சை எந்த நாளில் வந்து விழும் என்று யார் கண்டது? வயிற்று வலிக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று டாக்டரம்மாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டதால் அந்தக் கவலையும் போனது.

உடனே மார்க் ஏறியதா என்று கேட்பீர்கள். இல்லை. முதல் வாரம் 458. இரண்டாம் வாரம் 441! வட்டம் போட்டுப் போட்டு நிதானமாகப் படித்ததில் 20 கேள்வியைத் தொடவே நேரமில்லை. "பழைய மாதிரியே எழுதுறேம்மா" என்று முரண்டு பிடித்தாள். நோட்டை எடுத்துக் காட்டினேன். தெரிந்தும் தப்பானவை 14-லிருந்து 5 ஆகியிருந்தது. "இந்த நம்பர் இறங்கிடுச்சு பாரு. அந்த நம்பர் பின்னால வரும்" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன், ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மூன்றாம் வாரம் 476. அப்புறம் 473. ஏப்ரல் நடுவில் 489. கடைசியாக வீட்டில் எழுதியது 503.

2025 மே 4-ஆம் தேதி பரீட்சை முடிந்து வெளியே வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அழுதுகொண்டு வந்தார்கள். பிசிக்ஸ் அவ்வளவு கடினம். இவள் அழவில்லை, "பசிக்குதும்மா" என்றாள். முதல் வருஷம் 2024-ல் 720-க்கு 720 வாங்கியவர்கள் என்று முதலில் அறிவித்தது 67 பேரை. 2025-ல் நாட்டிலேயே முதல் மார்க் 686. ஆகவே மார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு போன வருஷத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. என் பெண்ணுக்கு 468 வந்தது. மார்க் என்று பார்த்தால் 37-தான் கூடுதல். தரவரிசையிலோ மூன்று லட்சத்துக்கு அப்பால் இருந்தவள் ஒரு லட்சத்துப் பக்கம் வந்திருந்தாள்.

எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அரசு ஒதுக்கீட்டில் பல் மருத்துவம் கிடைத்தது. கலந்தாய்வுக்கு முந்தின நாள் பீரோக் கதவில் இருந்த தாளை வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் மறுபடி உட்கார்ந்தோம். "மூணாவது தடவை எழுதலாமான்னு தோணுதா?" என்று அவள் அப்பா கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்தாள். "இல்லப்பா. கையெழுத்துப் போட்டிருக்கேன்ல" என்றாள். மனசில் கொஞ்சம் ஏக்கம் இருந்திருக்கும், எனக்குத் தெரியாதா? ஆனால் முதல் வருஷ உடற்கூறியல் வகுப்பிலிருந்து வந்து, கீழ்த்தாடை எலும்பில் எந்த நரம்பு எங்கே நுழைகிறது என்று என் முகத்திலேயே தொட்டுக் காட்டியபோது அந்த ஏக்கத்தைக் காணோம்.

என் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறதாம். மூன்று மாதமாகத் தொந்தரவு செய்கிறாள். அந்த நோட்டு இப்போது எங்கள் வீட்டில் இல்லை. எதிர் வீட்டுப் பெண் இந்த வருஷம் பிளஸ் டூ. அவள் அம்மா வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். முதல் பதினைந்து பக்கம் பால் கணக்கு, அதைக் கிழித்துவிட வேண்டாம், அதில் பால்காரர் தர வேண்டிய பாக்கி இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தேன்.